கிணற்றுப்படியில் சிமல்

பெரியநாயகிக்குத் தன் சம்பந்தியம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. அந்த அம்மாளின் பெயர் டிக்கி. அவர்கள் பாஷையில் அதற்குச் சுகம், சந்தோஷம் என்று பொருள் என மருமகள் பேமா எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லிவிட்டாள். இருந்தும் சேந்தமங்கலம் பக்கத்தில் டிக்கி என்றால் காருக்குப் பின்னால் சாமான் போடும் இடம். ஒரு பெரிய மனுஷியை அப்படிக் கூப்பிடலாமா என்று, ‘சம்பந்தியம்மா’ என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அந்த அம்மாளோ இவளை ‘நாகி’ என்றாள். பெயரின் முன்பாதி அவள் நாக்கில் நிற்கவில்லை.

இந்தச் சம்பந்தம் ஏற்பட்டதே ரிக் லாரியால்தான். பெரியநாயகியின் ஒரே மகன் பிரபாகர், போர் போடும் ரிக் வண்டியில் மெக்கானிக். வண்டி எந்த மாநிலத்துக்குப் போனாலும் கூடவே போவான். சிக்கிமுக்கு வேலைக்குப் போனவன் லாச்சுங் என்ற மலையூரில் ஜுரத்தில் விழுந்து, ஒரு வீட்டில் தங்கி, அந்த வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டு வந்தான். பெரியநாயகி சோறு தண்ணி இல்லாமல் கட்டிலில் படுத்துக்கொண்டாள். வந்த பெண் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, அத்தை சாப்பிடாமல் தானும் சாப்பிடுவதில்லை என்று பகல் முழுக்கக் கிடந்தாள். பொழுது சாய்ந்ததும் பெரியநாயகிதான் எழுந்து போய் இரண்டு பேருக்கும் தோசை ஊற்றினாள். அதற்கப்புறம் ஒரு முகச்சுளிப்பு கிடையாது. இப்போது பேமா ‘ஊடு’ என்றும் ‘வாரேனுங்க’ என்றும் பேசுகிற பேச்சை போனில் கேட்டால் மோகனூர்ப் பெண் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பேமா உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்புவது முறை. அத்தனை தூரப் பயணம் ஆகவே ஆகாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், தாயே புறப்பட்டு வந்தாள்.

மாசி மாதக் கடைசியில் சேலம் ஜங்ஷனுக்கு அழைத்துவரப் பெரியநாயகியும் அவள் புருஷன் நாச்சிமுத்துவும் போயிருந்தார்கள். ரயிலிலிருந்து முதலில் ஒரு பெயிண்ட் வாளி இறங்கியது, ஈரச் சால்வை சுற்றிக்கொண்டு. அதற்குப் பின்னால்தான் டிக்கியம்மாள் இறங்கினாள். குள்ளமான, கெட்டியான உடம்பு. கன்னம் இரண்டும் சிவந்து கிடந்தன. நாச்சிமுத்து வாளியை வாங்கக் கை நீட்டினார். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தானே இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“ஊறுகாயா இருக்குமோ?” என்றார் நாச்சிமுத்து, மனைவியின் காதோடு.

“ஊறுகாயில எல துளிர்க்குமாங்க? செடியாட்டத் தெரியுது.”

வீட்டுக்கு வந்து சால்வையை அவிழ்த்ததும் பேமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இடுப்புயரம்கூட இல்லாத புதர் அது. மேலே கரும்பச்சை, அடியில் சாம்பல் பூத்தாற்போல வெளுத்த இலைகள். கிளை நுனிகளில் கட்டைவிரல் பருமனில் மூடிய மொட்டுகள். பேமா ஒவ்வொரு மொட்டாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“ஆமா,” என்றாள் அம்மாவைப் பார்த்து. அவர்கள் ஊரில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிறகு மாமியாரிடம் திரும்பினாள். “இது சிமலுங்க அத்தை. ஆமா கொல்லைப்பக்கம் விதை போட்டு வளர்த்தது. பனி உருகறப்ப மஞ்சளாப் பூக்கும். அன்னைக்குப் போன்ல பேசறப்ப, இந்த வருசம் சிமல் பூவைப் பாக்க முடியாதில்லன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். தூக்கிட்டு வந்துட்டாங்க.”

பெரியநாயகிக்கு உள்ளே சுருக்கென்றது. மாங்காய் வேணுமா, நாவல்பழம் வேணுமா, ராசிபுரத்து நெய்யில் மைசூர்பாகு வேணுமா என்று கேட்டுக் கேட்டு ஓடியவள் அவள். தன்னிடம் இப்படி ஒரு பூ ஆசையைப் பிள்ளை சொல்லவே இல்லையே என்று இருந்தது. ஆனால் பேமாவின் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, “மொதல்ல அதுக்கு நெழல் பாக்கோணும் அம்மிணி. இந்த வெயிலு நம்ம ஆளுகளுக்கே ஆவறதில்ல,” என்றாள்.

வேப்பமரத்து நிழலில் வைத்தார்கள். வந்த வாரத்திலேயே இலைகளெல்லாம் பீடி மாதிரி சுருண்டுகொண்டன. வீட்டுக்குள் ஃபேனுக்கடியில் வைத்தால் இன்னும் மோசமாகக் காய்ந்தது. டிக்கியம்மாள் ஓயாமல் தண்ணீர் தெளித்தாள். போர்த் தண்ணீர் ஊற்றிய இடமெல்லாம் வாளியின் விளிம்பில் சுண்ணாம்பு பூத்தது. இலை நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, மற்றதெல்லாம் வெளுத்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் சமையலறையில் மூடி வைத்திருந்த காவிரித் தண்ணீரில் ஒரு செம்பு மொண்டு ஊற்றினாள். அது குழாயில் என்றைக்காவது ஒரு நாள் வருகிற நல்ல தண்ணீர். குடிப்பதற்கும் சோறு பொங்குவதற்கும் மட்டும் எடுப்பது. பெரியநாயகி பார்த்துக்கொண்டே இருந்தாள். சம்பந்தியைச் சொல்லவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. குடத்தை எடுத்துப் போய் உள்ளறையில் வைத்தாள்.

மறுநாள் பேமா தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் டிக்கியம்மாள் அடுப்படிக்கு வந்து நின்றாள். நாக்கைச் சப்புக் கொட்டினாள். கண்ணை இறுக்கி மூடிப் பல் கூசினாற்போல் முகத்தை வைத்துக்கொண்டாள். “நாகி,” என்று கையை நீட்டினாள்.

பல்வலி என்று நினைத்து பெரியநாயகி ஒரு கிராம்பைக் கொடுத்தாள். அந்த அம்மாள் தலையை ஆட்டி மறுபடியும் அதே முகத்தைக் காட்டினாள். புளிப்பு கேட்கிறாள் என்று அப்புறம்தான் புரிந்தது. இந்த வயதில் என்ன புளிப்பு ஆசையோ என்று எண்ணிக்கொண்டு, பெரியநாயகி ஒரு எலுமிச்சங்காய் ஊறுகாய்த் துண்டை எடுத்து வைத்தாள். டிக்கியம்மாள் அதை மரியாதைக்கு வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, பெரியநாயகியின் கையைப் பிடித்துச் செடியருகே இழுத்துப் போய் மண்ணையும் வாளி விளிம்பில் பூத்த சுண்ணாம்பையும் காட்டினாள். பிறகு மறுபடியும் அந்தப் புளிப்பு முகம்.

மண்ணுக்குத்தான் புளிப்பு வேண்டுமாம். போர்த் தண்ணீரின் சுண்ணாம்பை முறிக்க வேண்டுமாம். பெரியநாயகி சிரித்த சிரிப்பில் பேமா எழுந்து வந்துவிட்டாள். அன்றிலிருந்து புளி கரைத்து, வடிகட்டி, போர்த் தண்ணீரில் விளாவி ஊற்றினார்கள். உள்ளறைக்குப் போன குடமும் பழைய இடத்துக்கு வந்தது.

புளிப்பில் இலைகள் பச்சை பிடித்தன. வெயிலுக்குத்தான் வழியில்லை. பங்குனி நடுவில் மொட்டின் நுனி கருகத் தொடங்கியது. பிரபாகர் சத்தீஸ்கரிலிருந்து போன் செய்தபோது, “குளுகுளுன்னு எடம் வேணும்னா ஏசி ரூம்தாம்மா போடோணும்,” என்றான்.

“ஏசி உங்கொப்பனுக்கே கெடையாது,” என்றாள் பெரியநாயகி. சொல்லிவிட்டு வாசலில் நின்று யோசித்தவளின் கண் தோட்டத்துக் கிணற்றின் மேல் போனது.

நாச்சிமுத்துவின் தாத்தா வெட்டிய சதுரக் கிணறு அது. பாதி ஆழம் வரை சுவரிலிருந்து நீட்டிய கல்படிகள் இறங்கும். அங்கே பழைய மோட்டார் வைத்திருந்த திட்டு ஒன்று உண்டு. போர் போட்டபிறகு மோட்டாரை எடுத்துவிட்டார்கள். அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது, புறாக்கள் குடியிருந்தன. உச்சி வெயிலில் சற்று நேரம்தான் சூரியன் உள்ளே எட்டிப் பார்க்கும். சித்திரை மாதத்திலும் அந்தத் திட்டில் உட்கார்ந்தால் முதுகு சிலிர்க்கும்.

பெரியநாயகி சம்பந்தியைக் கூட்டிப்போய்க் காட்டினாள். டிக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள். கீழேயிருந்து ஈரக்காற்று முகத்தில் அடித்தது. அவள் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, பெரியநாயகியின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வந்த நாளிலிருந்து அந்த அம்மாளுக்கும் வெயில் எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும் என்று பெரியநாயகிக்கு அப்போதுதான் உறைத்தது.

நாச்சிமுத்து வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அதன்பின் இரண்டு அம்மாள்களும் பகலில் அந்தத் திட்டில்தான் குடியிருந்தார்கள். ஒருத்தி வெங்காயம் உரிப்பாள். இன்னொருத்தி பிறக்கப்போகிற குழந்தைக்குத் தொப்பி பின்னுவாள். அவரவர் பாஷையில் அவரவர் பேசிக்கொண்டிருப்பார்கள். மேலே கட்டிலைப் போட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் பேமா, “ஆமா என்ன சொல்றாங்கன்னு தெரியுதுங்களா அத்தை?” என்று கேட்பாள்.

“உங்கொப்பன் சுருட்டுக் குடிச்சதப் பத்திச் சொல்றா.”

“அதெப்படிங்க தெரிஞ்சுது?”

“வேறெதுக்கு ஒருத்தி இந்த மாதிரி மூக்கைச் சுளிப்பா?”

மொட்டுகள் பிழைத்துக்கொண்டன. மேல்தோல் விலகி உள்ளே செம்மஞ்சள் தெரிந்தது.

பெரியநாயகியிடம் வெள்ளச்சி என்று ஒரு ஆடு இருந்தது. தாய் செத்துப்போன குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். கூப்பிட்டால் அடுப்படி வரை வரும். ஒரு மத்தியானம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கிணற்றிலிருந்து அதன் கத்தல் கேட்டது. நாச்சிமுத்து சேந்தமங்கலத்துக்குத் தீவனம் வாங்கப் போயிருந்தார். பெரியநாயகி எச்சில் கையோடு ஓடினாள். கல்படியில் தாவித் தாவி இறங்கிப் போயிருந்த வெள்ளச்சி திட்டின் மேல் படுத்துக் கிடந்தது. வாயில் நுரை. செடியின் ஒரு பக்கத்துக் கிளைகள் மொட்டையாக நின்றன.

பின்னாலேயே வந்த டிக்கியம்மாள் அதைப் பார்த்ததும் இரண்டு கையாலும் தன் தலையில் அடித்துக்கொண்டாள். மூச்சுவாங்க வந்த பேமாவிடம் ஏதோ படபடவென்று சொன்னாள்.

“அத்தை, அந்த இலை ஆடு மாட்டுக்கு வெசமுங்க,” என்றாள் பேமா. “எங்கூர்ல ஆடுக அதைத் தொடாது, அதுகளுக்கே தெரியும். நம்மூர் ஆட்டுக்குத் தெரியாதுங்கறத ஆமா நெனைக்கவே இல்லையாம்.”

“நீ கிட்ட வராத. அங்கியே நில்லு. மாமாவுக்குப் போன் போட்டு வண்டி கொண்டுவரச் சொல்லு,” என்று பெரியநாயகி சொல்லி முடிப்பதற்குள் டிக்கியம்மாள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

வெள்ளச்சி குட்டியில்லை, கனத்த ஆடு. அந்த அம்மாள் தன் சால்வையை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்து முதுகில் ஏற்றினாள். சால்வையின் இரண்டு முனையையும் முடிந்து, முடிச்சைத் தன் நெற்றியில் மாட்டிக்கொண்டாள். மலையில் விறகு சுமக்கிறவர்கள் சுமப்பதைப் போல, குனிந்த தலையோடு, சுவரைத் தடவிக்கொண்டு ஒவ்வொரு கல்லாக ஏறினாள். பெரியநாயகி ஒரு படி கீழேயிருந்து ஆட்டின் பின்னங்காலைத் தாங்கினாள். ஒரு இடத்தில் டிக்கியம்மாளின் கால் வழுக்கியது. பெரியநாயகி தன் தோளைக் கொடுத்து முட்டினாள். இரண்டு பேரும் ஆடுமாக ஒரே கல்லில் சற்று நேரம் அசையாமல் நின்றார்கள். புறாக்கள் சடசடவென்று பறந்தன. பிறகு மறுபடியும் ஏறினார்கள்.

நாச்சிமுத்து ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நாமக்கல் கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர், “என்ன தின்னுச்சு?” என்று கேட்டதும் டிக்கியம்மாள் மூடியிருந்த கையைத் திறந்தாள். உள்ளே கசங்கிய சிமல் இலைகள். பேமா போனிலேயே டாக்டருக்கு விவரம் சொன்னாள். அவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கரித்தூளைக் கரைத்துப் புகட்டி, குளுகோஸ் ஏற்றினார். ஆட்டின் நெஞ்சில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். “கொஞ்சமாத்தான் தின்னிருக்குது. தப்பிச்சுக்கும்,” என்றார்.

வெள்ளச்சி மறுநாள் காலையில் எழுந்து நின்றது. ஆனால் டிக்கியம்மாள் அன்றைக்கு ஒரு வாய் சாப்பிடவில்லை. பெரியநாயகியும் சரியாகப் பேசவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. ராத்திரியெல்லாம் ஆட்டோடு உட்கார்ந்திருந்த அலுப்பும், அது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயமும் சேர்ந்து அவள் வாயை அடைத்துவிட்டன. அதைச் சொல்லிப் புரியவைக்க அவளிடம் பாஷை இல்லை.

பொழுது ஏறியபோது பேமா அழுதுகொண்டே வந்தாள். “ஆமா செடியைப் புடுங்கிப் போடப் போறாங்க அத்தை. சம்பந்தி ஊட்டுக்கு வெசத்தக் கொண்டாந்துட்டேன்னு சொல்றாங்க.”

பெரியநாயகி கிணற்றுக்குள் இறங்கினாள். டிக்கியம்மாள் செடியின் தூரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடுங்கவும் மனம் வரவில்லை, விடவும் முடியவில்லை என்பது அந்தக் கையைப் பார்த்தாலே தெரிந்தது. பெரியநாயகி பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கையைப் பிடித்து மேலே கூட்டிவந்து, வேலியோரம் கொத்துக் கொத்தாகப் பூத்து நின்ற அரளியின் முன்னால் நிறுத்தினாள்.

“அம்மிணி, நாஞ் சொல்றத அப்படியே சொல்லு,” என்றாள் பேமாவிடம். “இதுவும் வெசந்தான். ஆடு தின்னா செத்துப்போகும், மனுசன் தின்னாலும் செத்துப்போவான். இதைத்தான் நாங்க தெனமும் பறிச்சுச் சாமிக்குப் போடறோம். எங்க மாமியா வெச்ச செடி. ஒருத்தரும் இதைப் புடுங்கோணும்னு சொன்னதில்ல. ஆட்டைத்தான் கட்டி வைக்கோணும். நேத்துக் கட்டாம உட்டவ நாந்தான்.”

பேமா சொல்லச் சொல்ல டிக்கியம்மாள் அரளியையும் பெரியநாயகியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு பூவைக் கிள்ளிப் பெரியநாயகியின் கொண்டையில் செருகினாள். அரளியைத் தலையில் வைக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. பெரியநாயகி எடுக்கவில்லை, மத்தியானம் வரை அப்படியே திரிந்தாள்.

நாச்சிமுத்து கோழிப்பண்ணைக்காரர் ஒருவரிடம் பழைய கூண்டுக் கம்பிவலை வாங்கிவந்து கிணற்றுப்படியின் தலைப்பில் ஒரு கதவு போட்டார்.

மிஞ்சியிருந்த மொட்டுகளில் ஒரு கொத்து மட்டும் சித்திரை பிறந்த சமயத்தில் விரிந்தது. காலையில் முதலில் பார்த்தவள் பெரியநாயகிதான். சின்னச் சின்ன மணிகளாகத் தொங்கிய பூக்கள். பூவரசம்பூவின் மஞ்சளைப் பாலில் கரைத்தாற்போல ஒரு நிறம். கிணற்றின் மங்கலான வெளிச்சத்தில் அது தானே விளக்காக எரிவதைப் போல இருந்தது. அவள் சத்தம் போடாமல் மேலே வந்து டிக்கியம்மாளை எழுப்பினாள். புருஷனைக் கொண்டு வாளியைக் கயிற்றில் ஏற்றி, பேமா கண் விழிக்குமுன் அவள் கட்டிலோரத்தில் வைத்தார்கள்.

பேமா விழித்தாள். பூவைப் பார்த்தபடியே வெகுநேரம் ஒருக்களித்துக் கிடந்தாள். முகத்தை நீட்டி ஒரு பூவில் மூக்கை வைத்தாள். பிறகு மாமியாரின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே பிள்ளை புரண்டது.

“இதை மொதல்லயே எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல சாமி?” என்றாள் பெரியநாயகி. மனதில் கிடந்தது எப்படியோ வாயில் வந்துவிட்டது.

“கேட்டிருந்தா நீங்க சிக்கிமுக்கே கெளம்பியிருப்பீங்க அத்தை. அந்தப் பயத்துலதாங்க சொல்லல.”

பெரியநாயகி யோசித்துப் பார்த்தாள். கிளம்பித்தான் இருப்பாள்.

பூ வாடுவதற்குள் பேமாவுக்கு வலி கண்டது. பெண் குழந்தை. பிரபாகர் ரயிலேறி வந்து சேர்ந்தபோது பிள்ளை கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அவன்தான் மெதுவாகக் கழற்றினான். வைகாசி முடிவில் டிக்கியம்மாள் ஊருக்குக் கிளம்பினாள். பிளாட்பாரத்தில் ரயில் நகரும்போது, “டிக்கி, பத்தரமாப் போயிட்டு வா,” என்றாள் பெரியநாயகி. பெயர் சொன்னதை வீட்டுக்கு வரும் வழியில்தான் உணர்ந்தாள்.

செடி அதன்பிறகு தாங்கவில்லை. பெரியநாயகி புளித்தண்ணீர் ஊற்றினாள். ஈரச்சாக்கு போர்த்தினாள், குழந்தை தூங்கும் நேரமெல்லாம் கிணற்றுக்குள் போய் உட்கார்ந்தாள். ஆனிக் காற்றில் இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசியில் குச்சி மட்டும் நின்றது. சுரண்டிப் பார்த்தாள், உள்ளே பச்சை இல்லை.

ஞாயிறுதோறும் டிக்கியம்மாள் வீடியோ காலில் வருவாள். குழந்தையைக் கொஞ்சி முடித்ததும், “நாகி, சிமல்?” என்று கேட்பாள்.

“நல்லாருக்குது, நல்லாருக்குது,” என்பாள் பெரியநாயகி, கையை மேலே மேலே உயர்த்திக் காட்டி.

மூன்றாவது வாரம் பேமாவுக்குப் பொறுக்கவில்லை. தன் பாஷையில் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். பெரியநாயகிக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. போனுக்குள் டிக்கியம்மாள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாக ஏதோ சொன்னாள்.

“என்ன சொல்றா?” என்றாள் பெரியநாயகி.

“ரயில்ல ஏறறப்பவே தெரியுமாம். ஒரு பூ பூத்தாப் போதும்னுதான் கொண்டாந்தாங்களாம். அது பூத்தாச்சு, நான் பாத்தாச்சு. நாகி எதுக்கு அழுவோணுங்கறாங்க.” பேமா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். “இன்னொண்ணும் சொல்றாங்க. வர்ற சித்திரைக்கு நாம எல்லாரும் அங்க போகோணுமாம். மலைச்சரிவு பூராவும் மஞ்சளா நிக்குமாம். உங்களுக்குக் கம்பளி மெத்தை போட்டு வெச்சிருக்காங்களாம்.”

பெரியநாயகி மூக்கை உறிஞ்சினாள். போனைத் தன் பக்கம் திருப்பி, பேமாவைக் கேட்காமலே, “குளுரு எத்தனை இருக்கும்?” என்று தமிழிலேயே சம்பந்தியைக் கேட்டாள். டிக்கியம்மாள் தன் தோள்களை இறுக்கிப் பல்லைக் கிடுகிடுவென்று தட்டிக் காட்டினாள்.

அன்று சாயங்காலமே பெரியநாயகி புருஷனைக் கிளப்பினாள்.

“ஏனுங்க, நாளைக்குச் சேலம் போனா ஒரு ஸ்வெட்டர் பாத்துட்டு வாங்க. கெட்டியா இருக்கோணும்.”

“ஆடி மாசம் பொறக்கப் போகுது. இந்த வேக்காட்டுல எவன் ஸ்வெட்டர் விப்பான்?” என்றார் நாச்சிமுத்து.

“கேட்டுப் பாருங்க. இருந்தா ரெண்டா வாங்குங்க. நீங்களும் வாரீங்கல்ல,” என்றாள் பெரியநாயகி.